நாற்று நடுகிறவளுக்குத் தொழில் தெரியாதாம்

1922ஆம் ஆண்டில் வெள்ளை அரசாங்கம் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டின் ஏழாவது சட்டம் அது. கடல் தாண்டிப் பிழைக்கப் போகிறவர்களை அது இரண்டு கூறாகப் பிரித்து வைத்தது. ஒரு கூறு 'திறன் வேலை'க்குப் போகிறவர்கள், மறு கூறு 'திறனற்ற வேலை'க்குப் போகிறவர்கள். யார் யார் திறன் உள்ளவர் என்று அந்தச் சட்டமே பட்டியல் போட்டுச் சொல்லியது: கைவினைஞர், குமாஸ்தா, கடைச் சிப்பந்தி, கண்காட்சிக்கும் கேளிக்கைக்கும் போகிறவர், சாப்பாட்டுக் கடையிலும் தேநீர்க் கடையிலும் வேலை பார்ப்பவர், வீட்டுவேலை செய்பவர். திறனற்ற வேலைக்கு இப்படிப் பெரிய பட்டியல் எதுவும் கிடையாது. விவசாய வேலையும் அதில் அடங்கும் என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

அந்த ஒரு வரிக்குள் எங்கள் ஆட்கள் அத்தனை பேரையும் அடைத்துவிட்டார்கள்.

எங்க பக்கம் நடவு நடுகிற பெரியாத்தா ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் இந்தச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "அப்புடியா தம்பி? ஆழமா வச்சா பயிரு தூர் கட்டாது, மேலாக்க வச்சா தண்ணியில மெதந்துரும். குத்துக்கு எத்தன நாத்துங்கிறது நாத்தோட வயசப் பாத்துத்தான். இத அந்தக் கடைச் சிப்பந்திய வந்து செய்யச் சொல்லு, பாப்பம்" என்றாள். இதற்கு மேல் இந்தப் பட்டியலைப் பற்றி நான் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. ஆனால் பட்டியல் போட்டவனுக்கு வேறு கணக்கு இருந்தது. அதைப் பார்த்தாக வேண்டும்.

சட்டம் வந்த பின்னணியை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது. ஒப்பந்தக் கூலி முறை மனிதர்களை மாடுபோல் ஓட்டிப்போனது. மலேயாவுக்கு அது 1910இல் நின்றது, இந்தியா முழுமைக்கும் 1917இல் நிறுத்தப்பட்டது. அந்தக் கொடுமைக்கு எதிராக எழுந்த கூக்குரலின் தொடர்ச்சியாகத்தான் 1922ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. திறனற்ற வேலைக்கு ஆள் அனுப்ப வேண்டுமென்றால் அரசு அறிவிக்கை செய்த நாட்டுக்கு மட்டுமே அனுப்பலாம், அங்கே கூலியும் நிபந்தனையும் என்ன என்று கேட்கலாம். பாதுகாப்பு என்றுதான் அதற்குப் பெயர். இலங்கைக்கும் மலேயாவுக்கும் கதவு திறந்திருந்தது, ஏனென்றால் அங்கே தேயிலைக்கும் ரப்பருக்கும் ஆள் தேவைப்பட்டது. ஆக, தோட்டத்துக்கு மொத்தமாகப் போகிற கூட்டம் 'திறனற்றது', தனித்தனியாக ஒப்பந்தம் எழுதிக்கொண்டு போகிற குமாஸ்தாவும் சமையல்காரனும் 'திறன் உள்ளவர்'. செய்கிற வேலையை யாரும் எடை போட்டுப் பார்க்கவில்லை. ஆளை எப்படிக் கப்பலேற்றுகிறார்கள் என்பதைப் பார்த்துச் சொல்லைச் சூட்டினார்கள். சூட்டிய சொல் ஒட்டிக்கொண்டது.

அப்படிக் கப்பலேறியவர்கள் யார்? பள்ளர், பறையர், சக்கிலியர் ஆகியோர் பெரும்பகுதி. கூட்டிப்போன கங்காணிகளில் பெரும்பாலோர் சாதி இந்துக்கள். கிராமத்தில் பண்ணையடிமையாக இருந்தவனுக்குத் தோட்டம் விடுதலைபோலத் தெரிந்தது. அங்கே போனால் கங்காணியிடம் கடன், லயத்தில் அடைப்பு. இலங்கையில் கடனைச் சீட்டில் எழுதி ஆளையே கைமாற்றும் 'துண்டு' முறை 1921 வரைக்கும் சட்டப்படியே இருந்தது. மலேயாத் தோட்டத்தில் மேலே வெள்ளைக்காரத் துரை, அவனுக்குக் கீழே யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த கிராணி, அவனுக்குக் கீழே கங்காணி, அடியில் கூலிச்சனம். ஊரும் சேரியும் கப்பலில் ஏறிப்போய் அங்கேயும் இறங்கிவிட்டன. கிராணி எழுதத் தெரிந்தவன், ஆகவே திறன் உள்ளவன்.

பால்மரம் வெட்டுகிறவனைக் கவனியுங்கள். விடிவதற்கு முன்னால் போக வேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பட்டையை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் உள்ளே இறங்கி மரத்தின் உயிர்த்தோலைத் தொட்டுவிட்டால் அந்த இடம் புண்ணாகி, பட்டை மறுபடி ஒழுங்காக வளராது. மேலாகச் சீவினால் பால் வராது. கையளவும் கண்ணளவும் ஒன்றாக நிற்க வேண்டிய வேலை இது, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரம். 1920களின் பின்பகுதியில் இதற்குக் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. சட்டத்தின் கண்ணில் இது திறனற்ற வேலை. ஒரே மரத்தை ஒரே கத்தியால் சீவினாலும் பெண்ணுக்குத் திறன் இன்னும் பத்துக் காசு குறைவாம்!

1938 ஜூனில் மலேயாவில் தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைத்தபோது இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதைத் தடைசெய்தது. 1939 ஆகஸ்ட் 1 முதல் இலங்கைக்கும் தடை. இலங்கை அரசு தன் துறைகளில் தினக்கூலிகளாக இருந்த இந்தியர்களை வெளியேற்றப் போனது, அதற்குப் பதிலடி. இரண்டு தடையும் 'திறனற்ற' கூலிகளுக்குத்தான். குமாஸ்தா போகலாம், வியாபாரி போகலாம், வட்டிக்கடைக்காரர் போகலாம். லயத்தில் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குச் சாவுக்கோ சடங்குக்கோ வந்தவன் திரும்பிப்போக முடியாமல் மாட்டிக்கொண்டான். பின்னால் தளர்த்தினார்கள் என்பது வேறு கதை. கூலிக்காகச் சண்டை போட்டது நியாயம்தான். ஆனால் சண்டையில் பூட்டிய கதவு யாருடைய வீட்டுக் கதவு என்று பார்த்தால், அது மறுபடியும் நம்முடையதாகவே இருக்கிறது.

மலேசியா சுதந்திரம் பெற்ற பிறகு 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டது. குடியுரிமை இல்லாதவன் வேலை பார்க்க அனுமதிச்சீட்டு வேண்டும். அந்த வேலைக்குக் குடிமக்களில் ஆள் கிடைக்காவிட்டால்தான் சீட்டு. பால்மரம் வெட்டுவதற்கு யார்தான் கிடைக்க மாட்டார்கள், அதுதான் 'திறனற்ற' வேலையாயிற்றே! குடியுரிமைப் படிவத்தை நிரப்பத் தெரியாமல், நிரப்பச் சொல்லவும் நாதியில்லாமல் இருந்த பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் 1969க்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பாட்டன் காட்டை அழித்துப் போட்ட தோட்டத்தில் பேரனுக்கு வேலை பார்க்கத் தகுதியில்லை.

இனி நம் சொந்த அரசாங்கத்துக்கு வருவோம். 1922ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு 1983இல் புதிய குடிபெயர்வுச் சட்டம் கொண்டுவந்தார்கள். இதில் கண்காணிக்க வேண்டிய வேலைகளின் பட்டியல் நீண்டது. திறனற்ற வேலை, விவசாயக் கூலி, வீட்டுவேலை, ஓட்டல் வேலை, ஓட்டுநர், மெக்கானிக், செவிலியர், தட்டச்சர் எல்லாரும் உள்ளே. 1922இல் 'திறன்' பக்கம் நின்ற வீட்டுவேலைக்காரி இப்போது விவசாயக் கூலிக்கு அடுத்த வரியில் நிற்கிறாள். அறுபது வருஷத்தில் சமைக்கிற கை திறனை மறந்துவிட்டதா? கோடு நகர்ந்துவிட்டது. விவசாயக் கூலி மட்டும் எந்தப் பட்டியலிலும் இடம் மாறவில்லை.

நடைமுறையில் இந்தச் சட்டம் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரையாக வந்து இறங்கியது. 'குடிபெயர்வுச் சோதனை தேவை', சுருக்கமாக ஈ.சி.ஆர். இன்றைக்குள்ள விதிப்படி பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் இது கிடையாது. தேறாதவன் சவூதி, குவைத், கத்தார், ஓமன், மலேசியா என்று 18 நாடுகளில் ஒன்றுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வாங்க வேண்டும். அந்தப் பட்டியலில் ஐரோப்பாவோ அமெரிக்காவோ கிடையாது.

எங்கள் தெருவில் பாஸ்போர்ட்டுப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற வேலை பல வருஷமாக என் தலையில் விழுந்திருக்கிறது. எம்.ஏ. தமிழ் படித்ததற்கு ஊருக்கு அதாவது உதவட்டும். ஒருமுறை ஒரு கொத்தனாரும் அவருடைய தங்கச்சி மகனும் சேர்ந்து வந்தார்கள். கொத்தனார் இருபது வருஷமாகக் கரண்டி பிடிக்கிறவர், தூக்குக்குண்டு இல்லாமலே சுவர் சாய்ந்திருப்பதைச் சொல்லிவிடுவார். எட்டாவதோடு நின்றுவிட்டார், அவர் அப்பன் பட்ட கடனுக்கு ஆடு மேய்க்கப் போனவர். மருமகன் பத்தாவது தேறியவன், கரண்டியைத் தொட்டதில்லை. படிவத்தில் மாமனுக்கு ஈ.சி.ஆர்., மருமகனுக்கு இல்லை. "என்னப்பா, இவன் கட்டுற சுவருல நாங்க சாஞ்சு நிக்க முடியுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் சிரிக்கவில்லை.

பத்தாம் வகுப்பில் யார் தேறினார்கள், யார் இடையில் நின்றார்கள் என்பது சாதிவாரியாகக் கணக்கெடுத்தால் விளங்கும் சங்கதி. பள்ளிக்கூடத்திலிருந்து துரத்தியது ஒரு குற்றம். துரத்தப்பட்டதையே 'தகுதிக்குறைவு' என்று முத்திரை குத்தியது அடுத்தது. முத்திரைக்குப் பயந்து ஆட்கள் ஏஜெண்டு சொன்னபடி விசிட் விசாவில் போய் இறங்கினார்கள், சட்டம் கொடுக்கிறேன் என்ற பாதுகாப்பும் போயிற்று. பெண்களின் கதை இன்னும் மோசம். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டுள்ள பெண் முப்பது வயது நிறையாமல் இந்த நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் போகக் கூடாதென்று விதி. அவளைக் காப்பாற்றுகிறார்களாம். போகத்தான் போகிறாள், திருட்டுவழியில்.

2018 ஜனவரியில் நடுவண் அரசு இன்னொரு யோசனை சொன்னது. ஈ.சி.ஆர்.காரர்களின் பாஸ்போர்ட்டுக்கு ஆரஞ்சு நிற அட்டை, மற்றவர்களுக்கு வழக்கமான நீலம். தூரத்திலிருந்து பார்த்தாலே இன்னார் என்று தெரிய வேண்டும்! கழுத்தில் கலயமும் இடுப்பில் விளக்குமாறும் கட்டி நடக்கச் சொன்ன பேஷ்வாக்களின் பூனாவை அம்பேத்கர் எழுத்தில் படித்தவர்களுக்கு இந்த நிறம் என்னவென்று விளங்கும். எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த மாதக் கடைசியிலேயே பின்வாங்கினார்கள்.

வாங்குகிற நாடுகளின் தராசு இன்னும் நுட்பமானது. சிங்கப்பூர்க் கட்டடத் தொழிலுக்குப் போகிறவன் தமிழ்நாட்டிலேயே பயிற்சி மையத்தில் கம்பி கட்டவோ பூசவோ கற்று, அந்நாட்டுத் தேர்வில் தேற வேண்டும். நகையை அடகுவைத்தும் நிலத்தை எழுதிக்கொடுத்தும் அந்தப் பணத்தைக் கட்டுகிறார்கள். தேறிப்போனவன் 'அடிப்படைத் திறன்' கொண்டவன். அனுபவமும் கூடுதல் சான்றும் சேர்ந்தால் 'உயர் திறன்'. 2024 ஜனவரி முதல் கட்டட வேலையில் அடிப்படைத் திறன் ஆளுக்கு முதலாளி மாதம் 900 வெள்ளி வரி கட்ட வேண்டும், உயர் திறன் ஆளுக்கு 500. கட்டுவது முதலாளி என்றாலும் பேரத்தில் அது யாருடைய கூலியை அழுத்தும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இதில் எந்தத் திறனானாலும் ஒர்க் பெர்மிட்டுக்காரன் மனைவி மக்களைத் தன்னுடன் அழைத்துவைத்துக்கொள்ள முடியாது, நிரந்தரவாசம் கேட்க முடியாது, சிங்கப்பூர்க்காரியைக் கல்யாணம் செய்ய அரசிடம் அனுமதி கேட்க வேண்டும். குடும்பத்தை அழைக்க வேறு சீட்டு வேண்டும், அதற்கும் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். கட்டிய அடுக்குமாடியில் எத்தனை மாடி என்று எண்ணிக்கொண்டு திரும்பலாம்.

இங்கிலாந்துக் கதை இதைவிடக் கேலிக்குரியது. 2020 பிப்ரவரியில் அந்த அரசு திறன் குறைந்தவர்களுக்கு இனி வழி கிடையாதென்று கொள்கை அறிக்கை வெளியிட்டது. அடுத்த சில வாரங்களில் கொரோனா வந்தது. முதியோரைக் குளிப்பாட்டி, மலம் துடைத்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர்களுக்கு ஊரே வாசலில் நின்று கை தட்டியது. அவர்கள்தான் அந்தத் 'திறன் குறைந்த'வர்கள். ஆள் பற்றாக்குறை முற்றியதும் 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணிக்கு விசா திறந்தார்கள். 2024 மார்ச்சில் அவர்கள் குடும்பத்தை அழைத்துவரக் கூடாதென்றார்கள். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே மூடிவிட்டார்கள். அதே நாளில் திறன் விசாவின் படியைப் பட்டப்படிப்பு நிலைக்கு உயர்த்தி, பொதுவான சம்பள வரம்பை ஆண்டுக்கு 41,700 பவுண்டு ஆக்கினார்கள். சமையல் மாஸ்டர் பட்டியலிலிருந்து கீழே விழுந்தார். ஒரே கை, ஒரே அடுப்பு, ஜூலை 21இல் திறன் உண்டு, 22இல் இல்லை. பழம் பறிக்கவும் காய்கறி அறுக்கவும் ஆள் வேண்டுமே? அதற்குத் தனியாகப் பருவகால விசா. ஆறு மாதத்துக்கு மேல் கிடையாது, குடும்பம் கிடையாது, குடியேற வழி கிடையாது.

மலம் துடைப்பது யாருடைய வேலை என்பது நமக்குப் புதிய கேள்வியில்லை. புதியது என்னவென்றால் அதைச் சாதியின் பெயர் சொல்லாமல் எண்ணால் சொல்கிறார்கள். தொழிலைப் பிரிப்பதாகச் சொல்லி உழைப்பவர்களைப் பிரிப்பதுதான் சாதி என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதினார். அமெரிக்கா 1990இல் எச்-1பி விசாவுக்குக் குறைந்தது இளநிலைப் பட்டம் என்று எல்லை போட்டபோது, இங்கே தலைமுறை தலைமுறையாகக் கல்லூரிப் படியைத் தன் வீட்டுப் படிபோல மிதித்தவர்கள் வரிசையாக விமானம் ஏறினார்கள். அவர்களைச் 'சிறந்த மூளை' என்றும், போனதை 'மூளை வடிகால்' என்றும் நம் பத்திரிகைகள் எழுதித் துக்கம் கொண்டாடின. கப்பலில் போன கைகளுக்காக யாரும் 'கை வடிகால்' என்று எழுதியதில்லை.

கொத்தனார் கடைசியில் அனுமதி வாங்கிக் குவைத் போனார். அங்கே அவருடைய அடையாளச் சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'சாதாரணத் தொழிலாளி' என்று எழுதியிருந்ததாம். விடுமுறைக்கு வந்தபோது அதைக் காட்டி, "இத மாத்த முடியுமா, எங்க எழுதிக் குடுக்கணும்?" என்று கேட்டார். தமிழில் ஒரு மனு எழுதி, ஆங்கிலத்தில் பெயர்க்கச் சொல்லி நண்பர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன்.