பிரட்டுத் தப்பும் கூத்துத் தப்பும்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் தப்பு என்னும் பறைக்கு இரண்டு வேலைகள் இருந்தன. விடியுமுன் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களை எழுப்பி, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்கு ஆள் சேர்த்தது ஒன்று. மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு அடித்தது மற்றொன்று. தோல் ஒன்றுதான், உடப்புசல்லாவை மலைப் பனியில் தளர்ந்துபோனால் தீயில் காய்ச்சி முறுக்கேற்ற வேண்டிய அதே தோல். ஆனால் முதல் வேலையில் அது தோட்டத் துரையின் கடிகாரத்துக்கு வாயாக இருந்தது. யாருக்காகவும் அது நிற்கவில்லை. இரண்டாவது வேலையில் பாடுகிறவர் வாயையும் ஆடுகிறவர் காலையும் பார்த்து அடித்தது. பழைய ஒலிப்பதிவில் உள்ள குரலுக்கு இன்று கணினியில் தாளம் சேர்ப்பவர்கள் இந்த இரண்டு தப்புகளில் ஒன்றைத் தெரிந்தோ தெரியாமலோ கையில் எடுக்கிறார்கள். எடுக்க வேண்டியது கூத்துத் தப்பை என்பதே என் வாதம்.

ஒலிப்பதிவு தொடங்கிய காலத்தில், குரலுக்குத் தாளத்தைப் பின்னர் சேர்க்கும் இந்தச் சிக்கல் எழவில்லை. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற இசைத்தட்டில் பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் இடம். அதற்குள் பாடகரும் தாளக்காரரும் ஒரே அறையில், ஒரே மூச்சில் பாடி அடித்து முடித்தார்கள். பல தடங்களில் பதியும் நாடா வந்ததும் இருவரும் பிரிந்தார்கள். முதலில் தாளம், பிறகு காதில் ஹெட்போனோடு பாடகர் என்று வரிசை மாறியது. 1980இல் லின் நிறுவனத்தின் எல்எம்-1, ரோலண்டின் டிஆர்-808 ஆகிய தாள இயந்திரங்களும், 1983இல் கருவிகளை ஒன்றோடொன்று பேசவைத்த மிடி முறையும் அந்த வரிசையை உறுதிப்படுத்தின. இன்றைய பாடகர் பெரும்பாலும் வேகத்தைக் காட்டும் கிளிக் ஒலியைக் கேட்டபடியே பாடுகிறார். அவர் குரலுக்குத் தாளம் பொருத்துவதில் சிரமம் குறைவு. கிளிக்கையே கேட்டறியாத ஒருவர், லயத்து வாசலில் உட்கார்ந்து பாடிய குரல் கிடைக்கும்போதுதான் கேள்வி எழுகிறது: எதை எதற்கு வளைப்பது?

மலையகப் பாடல்கள் பிறந்த விதத்தைப் பார்த்தால் விடை தெரியும். ஏற்றம் இறைப்பவர்களுக்கும் துடுப்புப் போடுபவர்களுக்கும் உடல் அசைவே தாளம். எல்லோரும் ஒரே கணத்தில் இழுத்தாக வேண்டும். நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் வேலையில் அப்படிப்பட்ட பொது அசைவு இல்லை. ஒவ்வொருத்தியின் விரலும் தன் செடியின் போக்கில் ஓடுகிறது. தாலாட்டையும் ஒப்பாரியையும் ஆள்வது மூச்சு. இந்தப் பாடல்களைத் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளையின் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ பெரிய கொடை. ஆனாலும் அச்சில் சொல் நிற்கும், வேகம் நிற்காது. எந்த இடத்தில் இழுத்தார்கள், எந்த வரிக்கு முன் மூச்சு வாங்கினார்கள் என்பதற்கு ஒலிப்பதிவு மட்டுமே சாட்சி. அந்தக் குரலை வெட்டிச் சீரான கட்டங்களில் அடுக்குகிறவர், புத்தகத்தால் காப்பாற்ற முடியாத ஒன்றை நாடாவிலிருந்தும் அழித்துவிடுகிறார். மாற்று வழி இருக்கிறது: குரலில் அழுத்தம் விழும் இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்து, அந்தக் குறிகளுக்கு ஏற்பத் தாளத்தின் வேகத்தை ஏற்றி இறக்குவது. நேரம் அதிகம் பிடிக்கும். குரல் மட்டும் குரலாகவே இருக்கும்.

நாடாவில் இருக்கும் வேகமே பொய்யாக இருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பேட்டரி இறங்கிய கருவியில் பதிந்த கேசட் சரியான கருவியில் ஓடும்போது அவசரமாகக் கேட்கும். ஆனால் அங்கே வேகம் கூடும்போது சுருதியும் சேர்ந்து ஏறும். பாடகி தானாக நிதானித்தால் சுருதி அதோடு சேர்ந்து இறங்குவதில்லை. இந்த வேறுபாட்டை வைத்து இயந்திரத்தின் பிழையைப் பெருமளவு பிரித்துத் திருத்திவிடலாம். திருத்த வேண்டியதும் அதை மட்டுமே. ஆட்டத்துக்குச் சீரான அடி வேண்டும், இல்லாவிட்டால் இளைஞர்கள் கேட்கமாட்டார்கள் என்பது அடுத்த வாதம். கூத்திலும் ஆட்டம் உண்டு. அடவு விழும் இடத்தில் தப்பு இறுகும், பாட்டு விரியும் இடத்தில் தளரும். ஆடுகிறவர்கள் அந்த ஏற்ற இறக்கத்தோடுதான் விடிய விடிய ஆடினார்கள். மேடைக்கென்று சீரான வேகத்தில் ஒரு பாட்டு வேண்டுமென்றால் இன்றைய பாடகர் ஒருவரைப் புதிதாகப் பாடவைக்கலாம். அதில் யாருக்கும் நட்டமில்லை. மூலப் பதிவைச் சிதைத்துவிட்டு அதையே மரபு என்று விற்பதுதான் தவறு.

ஆகவே இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு வேண்டுகோள் ஒன்றுதான். மூலப் பதிவைத் தொடாமல் தனியே வையுங்கள். தாளத்தைக் குரலுக்குப் பின்னால் நடக்கவிடுங்கள். ஆயுள் முழுக்க விடியலில் தப்புச் சத்தத்துக்கு எழுந்து ஓடியவர்களின் பாட்டை இன்னொரு முறை பிரட்டுக்கு நிறுத்த வேண்டாம்.