கண்ணுள் வினைஞர்: புகழ்பெற்ற ஓவியங்களும் பெயரறியா ஓவியரும்

தமிழிற் பாடியோர் தம் பெயரைப் பாடலோடு பிணைத்துச் செல்லும் மரபு தொன்மையானது. திருகோணமலைப் பதிகத்தின் கடைக்காப்பில் ஞானசம்பந்தர் தம் பெயரை அமைத்தே பாடியுள்ளார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கடந்தும், கோணேசர் சந்நிதியில் அப்பதிகத்தை ஓதும் சிறுவன் அதனைப் பாடியவர் யாரென்பதை அறிவான். ஓவியத்துக்கோ இப்பேறு வாய்க்கவில்லை. சுவரிலே நிலைத்த ஓவியத்தைக் காணப் பல நாட்டினரும் வருகின்றனர். அதனைத் தீட்டிய கை எவருடையது என்று வினவினால் விடை கூறுவாரில்லை.

மதுரைக்காஞ்சி ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்னும் அழகிய பெயராற் குறிக்கின்றது. காண்பவருடைய கண்ணுள்ளே தம் தொழிலை நிறுத்த வல்லவர் என்பது அதன் கருத்தாகும். தொழில் கண்ணுள் நின்றது. தொழில் செய்தவன் மறைந்தான். ஆயினும், பெயர் மறைந்தமையால் ஓவியனே மறைந்தொழிந்தான் என்று கொள்வது பொருந்தாது. அவன் இட்ட கோட்டிலும், பூசிய வண்ணத்திலும், திருத்திய இடத்திலும் அவனைக் கண்டுகொள்ளலாம். பெயர் நன்கு தெரிந்த ஓவியனையும் அவ்வாறே தேடிக் காணவேண்டியுள்ளது. இவ்வுண்மையைச் சீகிரியாக் குன்றும், தஞ்சைப் பெருங்கோயிலும், திருகோணமலைத் துறைமுகத்தைத் தீட்டிய படமொன்றும் தெளிவாக்குகின்றன.

சீகிரியா மங்கையர்

திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை வழியாகத் தெற்கே செல்வோருக்குச் சீகிரியாக் குன்றம் தொலைவிற் புலப்படும். சுற்றியுள்ள நிலத்தினின்றும் ஏறக்குறைய 600 அடி உயர்ந்து நிற்கும் இக்குன்றைக் காசியப்ப மன்னன் ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் தன் இருப்பிடமாக்கினான். குன்றின் மேற்கு முகத்திற் குடைவு போன்று அமைந்த இடத்தில், முகிலிடையே இடைவரை தோன்றும் மங்கையரின் உருவங்கள் தீட்டப்பெற்றுள்ளன. சிலர் கையில் மலரேந்தி நிற்க, சிலருக்குத் தோழியர் மலர்த்தட்டு நீட்டுகின்றனர். இவர்கள் கோயிலுக்குச் செல்லும் அரசமகளிர் என்றார் தொல்பொருள் ஆணையாளராக விளங்கிய பெல். வானுலக அரம்பையர் என்றார் ஆனந்த குமாரசுவாமி. மேகத்தையும் மின்னலையும் உருவகித்த கன்னியர் என்றார் பரணவிதான.

அறிஞர்க்கு முன்னரே இவ்வோவியங்களை நுகர்ந்து போற்றியோர் பலர். ஓவியங்களின் கீழே மெருகிட்ட மதிலொன்று உண்டு. அதனைக் கண்ணாடிச் சுவர் என்பர். எட்டாம் நூற்றாண்டு முதற் பத்தாம் நூற்றாண்டு வரையில் அங்கு வந்த துறவியரும் அதிகாரிகளும் மகளிரும் அம்மதிலிற் சிங்களச் செய்யுட்களைப் பொறித்துச் சென்றனர். மங்கையர் வாய் திறவாமைக்கு வருந்தினோரும், அவர்தம் கல்நெஞ்சைக் குறைகூறினோரும் அவர்களுள் உளர். இச்செய்யுட்களில் 685ஐப் பரணவிதான படித்து, 1956ஆம் ஆண்டில் வெளியிட்டார். பலர் தத்தம் பெயரையும் ஊரையும் எழுதி வைத்துள்ளனர். கண்டு மகிழ்ந்தோரின் பெயர்கள் சுவரிலிருக்க, தீட்டினோரின் பெயர் ஒன்றேனும் இல்லாமை வியத்தற்குரியது.

எனினும் அவ்வோவியன் தன்னை முற்றும் மறைத்துக்கொள்ளவில்லை. ஒரு மங்கையின் கையை முதலில் ஒரு நிலையில் வரைந்தவன், பின்னர் அது பொருந்தாதெனக் கண்டு வேறொரு நிலையில் வரைந்தான். காலப்போக்கில் மேற்பூச்சு மங்க, பழைய கோடு வெளிப்பட்டது. இன்று காண்போர் அம்மங்கைக்கு மூன்று கைகள் இருப்பதாக எண்ணி நகைப்பர். நகைப்பதற்குரியதன்று அது. உயரமான பாறை முகத்தில் நின்று ஒருவன் தன் கோட்டைத் தானே ஐயுற்று, மீண்டும் சிந்தித்து மாற்றிய கணம் அங்கே பதிந்துள்ளது. கல்வெட்டு எதனிலும் பெறமுடியாத சான்று அதுவாகும்.

அவன் கையை நன்கறிந்தோர் அவ்வோவியங்களைப் பார்த்துப் படியெடுத்தவர்களே. 1889ஆம் ஆண்டில் பொதுவேலைப் பகுதியைச் சேர்ந்த மறே என்பவர் ஓவியக் குடைவை அடைந்து படியெடுத்தார். பெல் காலத்தில் டி. ஏ. எல். பெரேரா என்னும் ஓவியர் வண்ணப் படிகளைத் தீட்டினார். ஒவ்வொரு கோட்டையும் தம் கையால் மீண்டும் இட்டவர்களைப் போல ஓவியத்தை ஊன்றி நோக்கியவர் வேறிலர். 1967ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் தீயோர் சிலர் பச்சை வண்ணத்தை வீசி இவ்வோவியங்களைச் சிதைத்தபோது, இத்தாலிய நிபுணரான மறன்சி வரவழைக்கப்பெற்றுச் சீரமைப்பு நிகழ்ந்தது. முன்னரே எடுத்த படிகளின் அருமையை அந்நிகழ்ச்சி நன்குணர்த்தியது.

தஞ்சையின் இருட்சுவர்

சீகிரியா ஓவியம் திறந்த வெளியில் நின்று பாராட்டுப் பெற்றது. தஞ்சை ஓவியமோ இருளில், மற்றோர் ஓவியத்தின் பின்னே, நூற்றாண்டுக் கணக்காக மறைந்து கிடந்தது. ஈழத்தவருக்கு அக்கோயில் அயலான கோயிலன்று. சோழர் ஆட்சியில் மும்முடிச்சோழ மண்டலம் எனப்பட்ட ஈழத்து ஊர்கள் சில, தஞ்சைப் பெருங்கோயிலுக்கு நெல்லும் காசும் செலுத்தக் கடமைப்பட்டிருந்தமையை அக்கோயிற் கல்வெட்டொன்று கூறுகின்றது. அவ்வூர்கள் இருந்த பகுதிகளின் பெயர்களிற் கொட்டியாரம் என்னும் சொல் வருவது, இன்றும் அப்பெயர் வழங்கும் குடாவை அடுத்து வாழ்வோரின் கருத்தைக் கவர்வதாகும்.

இராசராசன் 1010ஆம் ஆண்டிற் குடமுழுக்காட்டிய அக்கோயிலிற் கருவறையைச் சுற்றி, இரு சுவர்களுக்கிடையே ஒடுங்கிய நடை ஒன்று உண்டு. அங்கே நாயக்கர் கால ஓவியங்கள் இருந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி 1931ஆம் ஆண்டில், அவ்வோவியப் பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியிலே பழைய ஓவியம் இருப்பதைக் கண்டறிந்தார். அது சோழர் கால ஓவியம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

அச்சுவரில் விரியும் காட்சிகளுள் சுந்தரர் வரலாறு தலைசிறந்தது. திருமணப் பந்தலிற் கிழவேதியர் ஓலையைக் காட்டி வழக்குரைக்கின்றார். கூடியிருந்தோர் திகைத்து நோக்குகின்றனர். மேலே வெள்ளானையில் சுந்தரரும், குதிரையிற் சேரமான் பெருமாளும் கயிலையை நோக்கி விரைகின்றனர். வேறோரிடத்தில் திருபுரமெரித்த பெருமான் தேர்மேல் நின்று வில்லேந்த, எதிரே அசுரர் சினந்து நிற்க, அவர்தம் மகளிர் அஞ்சிக் கணவரைப் பற்றுகின்றனர். வீரமும் அச்சமும் ஒரே சுவரில் எதிரெதிராக நிற்கும் இக்காட்சியை எண்ணியமைத்தவன் பெருங்கலைஞன் என்பதில் ஐயமில்லை.

ஈண்டுக் கால அடைவு கருதற்பாலது. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது பன்னிரண்டாம் நூற்றாண்டில். அதற்கு நூறாண்டுக்கு மேல் முற்பட்ட இவ்வோவியன் அக்கதையை முழுமையாகக் காட்சிப்படுத்தி விட்டான். திருக்கேதீச்சரத்தைப் பாடிய சுந்தரரின் வரலாற்றைப் பெருங்காப்பியமாகச் சொன்ன புலவரை உலகம் போற்றுகின்றது. அவருக்கு முன் சுவரிற் சொன்னவனை எவரும் அறியார்.

அவன் தொழிலோ எளிதன்று. சுண்ணப் பூச்சின் ஈரம் காயுமுன் வண்ணம் தீட்டப்பெற வேண்டும். அப்போதுதான் வண்ணம் சுண்ணத்தோடு ஒன்றி இறுகும். காய்ந்தபின் திருத்த வழியில்லை. ஆகவே ஒரு நாளில் எவ்வளவு சுவரைத் தீட்ட இயலுமோ அவ்வளவே பூசி, தயக்கமின்றிக் கோடிடல் வேண்டும். தஞ்சைச் சுவரின் கோடுகளில் தயக்கம் இல்லாமை அவன் பயிற்சிக்குச் சான்றாகும்.

இக்கோயில் பெயர்களை மறந்த கோயிலுமன்று. பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயர் கல்லில் உண்டு. தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவரின் பெயர்கள், அவர் எந்த ஊரினின்று வந்தனர் என்னும் விவரத்தோடு பொறிக்கப்பெற்றுள்ளன. ஓவியம் தீட்டினோர் பெயரே கிடைக்கவில்லை. சித்தன்னவாசலிலும் இந்நிலையே. அங்குள்ள பாண்டியர் காலக் கல்வெட்டு இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியனின் பெயரைத் தருகின்றது. அவன் குகைக் கோயிலைப் புதுப்பித்தவன். சித்திரகாரப்புலி என்னும் விருதுப் பெயர் பூண்டவனோ மகேந்திரவர்ம பல்லவன் என்னும் அரசன்.

பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறையினர், நாயக்கர் காலப் பூச்சைச் சிதையாது பெயர்த்தெடுத்துப் பலகைகளிற் பதித்து, அடியிலிருந்த சோழர் ஓவியத்தை வெளிக்கொணர்ந்தனர். பழையதைக் காண்பதற்காகப் புதியதை அழிக்காத இச்செயல், இரு காலத்து ஓவியருக்கும் செய்த மரியாதையாகும்.

கோட்டையிலிருந்து கண்ட துறைமுகம்

இனி, பெயர் நன்கறியப்பட்ட ஓவியன் ஒருவனைக் காண்போம். தோமஸ் டானியல் என்னும் ஆங்கில ஓவியரும் அவர் மருகர் வில்லியமும் 1792ஆம் ஆண்டிற் புறப்பட்ட தென்னாட்டுப் பயணத்திற் கண்ட காட்சிகளுள் தஞ்சைப் பெருங்கோயிலும் ஒன்று. அதன் விமானத்தை அவர்கள் வரைந்து, இலண்டனில் அச்சிட்டுப் புகழ்பெற்றனர். உள்ளே சோழர் ஓவியம் உறங்கிக் கிடந்தது. வெளியே நின்றவர் கண்ணுக்கு அது எட்டவில்லை.

வில்லியமின் சகோதரர் சாமுவேல் டானியல் தென்னாபிரிக்காவைச் சுற்றி வரைந்தபின், 1806ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்தார். அவருடைய இலங்கைக் காட்சிகள் பன்னிரண்டு கொண்ட நூல் 1808ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது. அவற்றுள் ஒன்று, ஒஸ்ரன்பேக் கோட்டையிலிருந்து கண்ட திருகோணமலைத் துறைமுகம் ஆகும். செப்புத் தகட்டிற் பிசின்பொடி பரப்பி, அமிலத்தால் அரித்து, நீர்வண்ணம் போன்ற சாயலை அச்சிற் பெறும் முறையில் அது ஆக்கப்பெற்றது. சாமுவேல் மீண்டும் தாய்நாடு செல்லவில்லை. 1811ஆம் ஆண்டில், முப்பத்தாறாம் வயதில், இலங்கையிலேயே மறைந்தார்.

இவ்வோவியரின் பெயரும் பிறப்பும் இறப்பும் தெரியும். ஆயினும் படத்தை உணர்வதற்கு அவை போதா. ஓவியன் நின்ற இடத்தை வினவ வேண்டும். 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய கோட்டை அது. துறைமுகத்தைக் காக்கும் பீரங்கிகளுக்காகத் தேர்ந்த மேட்டிலேயே ஓவியனும் நின்றான். மூதூரிலிருந்து தோணியில் வருபவனுக்கு அம்மேடு எதிரே உயர்ந்து தோன்றும். மேட்டில் நின்றவனுக்கோ குடா முழுவதும் காலடியில் விரியும். நூலை வாங்கியோர் கடல்கடந்த நாட்டினர். சாமுவேலின் திறமையை இவ்வுண்மை குறைப்பதன்று. இப்படம் இல்லையேல் இருநூறாண்டுக்கு முந்திய துறைமுகத்தைக் கண்ணாற் காணும் வாய்ப்புக் குறைந்திருக்கும். ஆனால் அது ஓரிடத்தில் நின்று கண்ட காட்சி என்பதை மறத்தலாகாது.

பெயரைத் தேடுதல்

பெயரின்மையை ஒரு சிறப்பாகவே போற்றியவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பிற் பிறந்து, பொஸ்ரன் நூதனசாலையில் முப்பதாண்டு கலைப்பணி புரிந்த அப்பேரறிஞர், கீழைநாட்டுக் கலைஞன் தன் பெயரை நிலைநாட்ட முயன்றவனல்லன். மரபின் கருவியாகத் தன்னைக் கருதியவன் என்றார். 1916ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இராசபுத்திர ஓவிய நூல், அறியப்படாதிருந்த பேருலகம் ஒன்றை அறிஞர்க்குத் திறந்துவிட்டது.

அக்கருத்து ஓரளவிற்கே உண்மையென்பது பின்னர் விளங்கிற்று. பி. என். கோஸ்வாமி என்னும் ஆராய்ச்சியாளர், ஹரித்துவாரத்துப் புரோகிதர் யாத்திரிகரின் குலவரிசையைப் பதிந்துவைத்த ஏடுகளை ஆராய்ந்து, மலைநாட்டு ஓவியக் குடும்பங்களை இனங்கண்டு 1968ஆம் ஆண்டில் வெளியிட்டார். குலேர் நாட்டுப் பண்டிதர் சேவு, அவர் மைந்தர் மனாக்கு, நைனசுக் ஆகியோர் இன்று பெயரோடும் தனித்தனி நடையோடும் போற்றப்பெறுகின்றனர். பெயரற்றன எனக் கருதப்பட்ட ஓவியங்கள் பல, தேடுவார் இன்மையாற் பெயரற்றிருந்தனவே.

இதனின்றும் இப்பகுதி மாணவர் கற்கத்தக்கது ஒன்றுண்டு. கோணேசர் கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்துக்கீசர் இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினர். அழிந்த கோயிலில் உழைத்த கைகளை இனித் தேட வழியில்லை. இன்று எழும் கோயில்களிலோ வழியுண்டு. கும்பாபிடேக மலர்களில் உபயகாரரின் பெயர்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. கோபுரத்துக்கு வண்ணம் தீட்டியவர், வாகனத்துக்குக் கண் திறந்தவர், திரைச்சீலை வரைந்தவர் ஆகியோரின் பெயர்கள் அரிதாகவே காணப்படுகின்றன. அவர்களை அறிந்தோர் வாழுங்காலத்திலேயே பெயர், ஊர், குரு, செய்த பணி என்பவற்றைக் கேட்டு எழுதிவைப்பது பெருஞ்செலவுள்ள பணியன்று. தஞ்சைக் கல்லில் ஒரு வரி கூடியிருந்தால், ஆயிரம் ஆண்டுக் கடனொன்று தீர்ந்திருக்கும்.