விரல், முடிச்சு, கிலோமீட்டர்: கடல் வேகத்தின் மூன்று அளவுகள்

ராயபுரத்துக் கரையில் நிலத்தின் வேகமும் கடலின் வேகமும் நெடுங்காலமாக அருகருகே வாழ்ந்து வருகின்றன. 1856ஆம் ஆண்டில் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டு, அங்கிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியபோது, அதன் வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று கணக்கிடப்பட்டது. நிலையத்துக்குக் கிழக்கே, துறைமுகம் எழுப்பப்படாத அந்நாளில், திறந்த கடலில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களோ தம் வேகத்தை ‘நாட்’ என்னும் முடிச்சுக் கணக்கில் கூறின. ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். இரு கணக்கிலும் மைல் என்ற சொல் உண்டு. எனினும் இரு மைலும் ஒன்றல்ல. நில மைல் ஏறத்தாழ 1609 மீட்டர். கடல் மைல் 1852 மீட்டர். 1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தால் நிலத்தில் மைல் விடைபெற்றுக் கிலோமீட்டர் வந்தது. கடலில் நாட் அப்படியே நின்றுவிட்டது.

ஏன் நின்றது? மாலுமிகளின் பழமைப்பற்று என்று இதனைத் தள்ளிவிட முடியாது. இவ்வளவுகளின் பிறப்பை ஆராய்ந்தால், நம் முன்னோரான மரக்காயர்களும் அரபுக் கடலோடிகளும் கையாண்ட கணக்குகளில் இதற்கு விடை கிடைக்கிறது.

அரபு மாலுமிகள் துருவ விண்மீனின் உயரத்தை விரலால் அளந்தனர். ‘இஸ்பஃ’ என்றால் விரல். இப்னு மாஜித் முதலிய கடல்வழி அறிஞர்களின் கணக்கில் முழு வட்டம் 224 விரல். ஆகவே ஒரு விரல் ஏறத்தாழ 1 பாகை 36 நிமிடம். தூரத்தை அவர்கள் ‘ஸாம்’ என்னும் அளவால் கூறினர். ஸாம் என்பது மூன்று மணி நேரப் பயணம். நேர் வடக்கே எட்டு ஸாம், அதாவது ஒரு பகலும் ஓர் இரவும் ஓடினால், துருவ விண்மீன் ஒரு விரல் உயரும் என்பது அவர்தம் விதி. நம் தமிழ் மரபிலும் ஏழரை நாழிகை கொண்ட சாமம் மூன்று மணி நேரமே; எட்டுச் சாமம் ஒரு நாளே. ஸாமும் சாமமும் ஒலியிலும் பொருளிலும் இத்துணை நெருங்கி நிற்பது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

இவ்விதியை இன்றைய அளவுக்கு மாற்றிப் பார்ப்போம். ஒரு விரலின் 96 நிமிடப் பாகை ஏறத்தாழ 96 கடல் மைல். அதனை 24 மணியால் வகுத்தால் 4 நாட். மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர் அளவு. காற்றை நம்பி ஓடும் மரக்கலத்துக்கு இது பொருத்தமான சராசரி. வேகம் என்றொரு தனி அளவு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஸாம் என்ற சொல்லுக்குள்ளேயே கப்பலின் வேகம் அடங்கிக் கிடந்தது. நிலத்தில் நம் முன்னோர் ‘நாழிகை வழி’ என்று தூரத்தைக் கூறியபோது மனிதனின் நடைவேகம் அதனுள் அடங்கியிருந்ததைப் போன்றதே இது.

விண்மீனின் உயரம் காணப் பயன்பட்ட ‘கமால்’ என்னும் சிறு பலகையையும் முடிச்சிட்ட கயிற்றையும் சோழமண்டலக் கரையின் மாலுமிகளும் கையாண்டனர். தமிழில் அதற்கு ‘ராப்பலகை’ என்று பெயர். கயிற்றில் துறைமுகத்துக்கு ஒரு முடிச்சு. பலகை அடிவானத்துக்கும் விண்மீனுக்கும் இடையே பொருந்தும்போது எந்த முடிச்சு கையில் நிற்கிறதோ, அந்தத் துறையின் நேரே கப்பல் வந்துவிட்டது என்று பொருள். 1850இல் காங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர் இக்கருவியைப் பற்றிச் சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் எழுதினார். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டிலும், தெற்கே நாகூர், கீழக்கரை, காயல்பட்டினத்திலும் வாழ்ந்த மரக்காயர்களின் கடலறிவு இத்தகைய கருவிகளால் வளர்ந்ததே. விண்மீன்களை வழிகாட்டிகளாக அமைத்திருப்பதைத் திருக்குர்ஆன் (6:97) நினைவூட்டுகிறது. அந்நினைவூட்டலைக் கையில் கயிறாகப் பிடித்திருந்தவர்கள் அவர்கள்.

வானத்துப் பாகையைத் தரையின் தூரமாக மாற்ற வேண்டுமானால், பூமியையே அளந்தாக வேண்டும். கலீஃபா அல்-மஃமூன் (ஆட்சி 813-833) இப்பணியை வானியல் அறிஞர்களிடம் ஒப்படைத்தார். சின்ஜார் சமவெளியில் இரு குழுவினர் ஒருவர் வடக்காகவும் மற்றவர் தெற்காகவும், துருவத்தின் உயரம் ஒரு பாகை மாறும் வரை முளையடித்துக் கயிறு பிடித்து அளந்து சென்றனர். அவ்வகையில் கண்ட அளவுகளுள் பெயர்பெற்றது ஒரு பாகைக்கு 56⅔ அரபு மைல் என்பது. அல்-ஃபர்கானீயின் நூல் வழியாக இவ்வெண் ஐரோப்பாவுக்குச் சென்றது. கொலம்பஸ் எண்ணை எடுத்துக்கொண்டார். அதன் அலகை எடுத்துக்கொள்ளவில்லை. அரபு மைலை அதனினும் குறுகிய இத்தாலிய மைலாகக் கருதியதால், பூமி அவர் கணக்கில் நான்கில் ஒரு பங்கு சுருங்கிப்போயிற்று. ஆசியாவைத் தேடி அவர் துணிந்து மேற்கே சென்றதற்கு இப்பிழையும் ஒரு காரணம். அலகை இழந்த எண் எத்துணை தூரம் வழிதவறச் செய்யும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை.

ஐரோப்பிய மாலுமிகள் வேகத்தை அளந்ததும் முடிச்சிட்ட கயிற்றால்தான். கட்டையொன்றைக் கடலில் எறிந்து, அதனோடு பிணைத்த கயிறு ஓடிச் செல்ல, மணற்கடிகாரம் வடிவதற்குள் எத்தனை முடிச்சு கை வழியே நழுவுகிறது என்று எண்ணினர். ‘நாட்’ என்ற பெயர் அதனால் வந்தது. தொடக்கத்தில் முடிச்சுகளின் இடைவெளி தவறாகவே இருந்தது. 1637இல் ரிச்சர்ட் நார்வுட் லண்டனுக்கும் யார்க்குக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து, கடல் மைல் அதுவரை கருதப்பட்டதைவிட நீளமானது என்று காட்டினார். பிற்காலத்தில் 28 விநாடி மணற்கடிகாரத்துக்கு 47 அடி 3 அங்குல இடைவெளி என்று வழக்கம் நிலைபெற்றது. 1929இல் மொனாக்கோவில் கூடிய பன்னாட்டு மாநாடு கடல் மைலை 1852 மீட்டர் என்று வரையறுத்தது.

கிலோமீட்டரும் பூமியின் பிள்ளையே. 1791இல் பிரெஞ்சு அறிஞர்கள் துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையிலான கால்வட்டத்தை ஒரு கோடியாகப் பகுத்து, அதன் ஒரு பங்கை மீட்டர் என்றனர். ஆகவே கால்வட்டம் 10,000 கிலோமீட்டர். அதே கால்வட்டம் 90 பாகை. பாகைக்கு 60 நிமிடமாக 5,400 கடல் மைல். அரபுக் கணக்கிலோ 56 விரல். நாட்டுக்கும் கிலோமீட்டருக்கும் உள்ள விகிதம் 5,400க்கு 10,000. சுருக்கினால் 27க்கு 50. வேகம் 27 நாட் என்றால் மணிக்கு 50 கிலோமீட்டர். இந்த ஒரு வரியை மனத்தில் இருத்தினால் மாற்றக் கணக்கு முழுவதும் கைக்கு வந்துவிடும். மூன்று அளவுகளும் ஒரே கால்வட்டத்தின் மூன்று பகுப்புகள். ராயபுரத்து ரயிலின் நில மைல் மட்டுமே இக்குடும்பத்தைச் சேராதது. அது மனிதக் காலடியிலிருந்து பிறந்தது.

வட சென்னைக் கரை தெற்கு வடக்காகவே நீள்வதால் இதனைக் கண்ணாலேயே காணலாம். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் ஏறத்தாழ 3 நிமிடப் பாகை வடக்கே. எண்ணூர்க் கழிமுகம் ஏறத்தாழ 7 நிமிடம். அதாவது 7 கடல் மைல், 13 கிலோமீட்டர். 7 நாட் வேகத்தில் செல்லும் படகுக்கு ஒரு மணிப் பயணம். பழைய மரக்கலத்துக்கு அரை ஸாமுக்குச் சற்று மேல். கடல் வரைபடத்தின் ஓரத்தில் உள்ள அகலாங்கே மாலுமிக்கு அளவுகோல். நாட் கடலை விட்டு அகலாததன் காரணம் இதுவே.

இக்கணக்கு ஏட்டோடு நிற்பதன்று; காசிமேட்டு மீனவரின் உயிரோடு தொடர்புடையது. காற்று 34 நாட் வேகத்தை எட்டினால் புயல், 48 என்றால் கடும்புயல், 64 என்றால் மிகக் கடும்புயல் என்பது நம் நாட்டு வானிலைத் துறையின் பகுப்பு. பொதுமக்களுக்கான அறிவிப்பில் இவையே மணிக்கு ஏறத்தாழ 63, 89, 118 கிலோமீட்டராக மாறுகின்றன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது வீசிய 110-120 கிலோமீட்டர்க் காற்று, கடல் மொழியில் 59-65 நாட். 60 நாட் என்ற எச்சரிக்கையை ஒருவர் 60 கிலோமீட்டர் என்று கொண்டால், வேகத்தைப் பாதியாகக் குறைத்து நினைக்கிறார். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி உயர்வதால், வரப்போகும் காற்றின் வலுவை அவர் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழாகவே மதிப்பிடுகிறார்.

அளவில் குறை செய்வோரைக் கண்டிக்க ஓர் அத்தியாயமே அருளப்பெற்ற சமுதாயம் நாம். கடைத்தராசில் பேணும் அந்த நேர்மை, எண்ணோடு அதன் அலகையும் சேர்த்துச் சொல்வதில் நிறைவு பெறுகிறது. ராப்பலகைக் கயிற்றில் ஒவ்வொரு முடிச்சையும் துறையறிந்து இட்ட மரக்காயர்கள் அதனை அறிந்திருந்தனர்.