குளம் காத்த கைகள்

இலங்கையின் குளங்களைப் பற்றிப் பேசும் நம் பாடநூல்கள், மின்னேரியை அமைத்த மகாசேனனையும் பராக்கிரம சமுத்திரத்தை அமைத்த முதலாம் பராக்கிரமபாகுவையும் போற்றுகின்றன. ஆனால் குளத்தைக் கட்டுவது ஒருமுறை நிகழும் செயல். அதைக் காப்பதோ ஆண்டுதோறும் செய்யவேண்டிய தொழில். அத்தொழிலைச் செய்தவர் யார், அதன் செலவைச் சுமந்தவர் யார் என்பதே நாம் எழுப்பவேண்டிய வினாவாகும்.

உலர் வலயத்துக் கிராமக் குளம் தனித்து வாழ்வதன்று. மேற்குளத்தின் வடிநீரே கீழ்க்குளத்தை நிரப்பும். நீரேந்து பகுதியின் காடும், குளத்தின் தலைப்பிலுள்ள மரச்செறிவும் புற்றரையும், வண்டலைத் தடுக்கும் சிறு குட்டையும் காக்கப்படாவிடின் குளம் தூர்ந்துபோகும். முற்காலத்தில் இவ்வுழைப்பு, வயற்பங்கின் அளவுக்கேற்பக் கமக்காரர்மீது விதிக்கப்பட்டது. நீரை மேற்பார்வை செய்த வெல்விதானைக்கு அறுவடை நெல்லில் ஒரு பகுதி ஊதியமாயிற்று. எனினும் இவ்வமைப்பு இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் நிலவிய சமுதாயத்தில் வேரூன்றியது. அதனைப் பொற்காலமென நாம் கொண்டாடுவதற்கில்லை.

கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையை ஒட்டி 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் நீங்கியது நன்றே. ஆயின் அதற்கு ஈடாகக் கூலிக்கு ஆளையோ, செலவுக்குப் பணத்தையோ குடியேற்ற அரசு வைக்கவில்லை. நெல்வரியை மட்டும் 1892 வரை கைவிடாது அறவிட்டது. 1848ஆம் ஆண்டு வீதிச் சட்டமோ, வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்யவேண்டும், அன்றேல் பணம் செலுத்தவேண்டும் என்றது. கோப்பித் தோட்டத்து வீதிக்கு ஆளுண்டு. கமக்காரனின் குளத்துக்கு ஆளில்லை!

1856இல் ஆள்பதி வார்ட் கொணர்ந்த 9ஆம் இலக்கச் சட்டம் பழைய நீர்ப்பாசன வழமைகளுக்குச் சட்டவலு அளித்தது. 1870களில், கிறகரியின் ஆட்சியில், வடமத்திய மாகாணத்தில் ஊரார் கூலியின்றி மண்வேலை செய்ய, அரசு துருசு கொடுத்தது. உழைப்பின் பாரம் அப்போதும் ஏழையின் தோளிலேயே கிடந்தது.

பிலிப் குணவர்த்தனாவின் 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டமே வெல்விதானையின் இடத்தில், தெரிவுசெய்யப்பட்ட பயிர்ச்செய்கைக் குழுக்களை அமர்த்தியது. அதிகாரம் உழுபவனை நோக்கி நகர்ந்தது. போதிய நிதியோ உடன் வரவில்லை. 1970களில் தெரிவுக்குப் பதில் நியமனம் புகுந்தது. பின்னர் குழுக்களே மறைந்தன. 1978இல் முடுக்கிவிடப்பட்ட மகாவலித் திட்டத்தின் பேரணைகளுக்குப் பெருநிதி கிடைத்தது. சிறு குளங்களின் காவலோ, 2000ஆம் ஆண்டு கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழுள்ள கமக்காரர் அமைப்புகளிடம் வந்து நிற்கிறது.

கட்டாயத்தால் காக்கப்பட்டது கட்டாயத்தோடு சரியும். இரங்கிக் கொடுத்த பணத்தால் காக்கப்படுவது பணத்தோடு சரியும். சிரமதானம் என்ற இனிய பெயரும் நிலையான ஊதியத்துக்கு ஈடாகாது. நீரேந்து பகுதிக்கு நிரந்தரக் காவலர், அவருக்கு நியாயமான ஊதியம், பயிரிடுவோரே கணக்குக் கேட்கும் நிதி — இம்மூன்றையுமே வரலாறு வேண்டுகிறது. ஆசிரியரும் மாணவரும் தத்தம் ஊர்க் குளக்கட்டில் நின்று இக்கணக்கைக் கேட்கத் தொடங்குவோமாக.