பாதி மேலங்கியும் காகித விளக்குகளும்



டிசம்பர் மாதம் நெருங்கும்போது ஆலய வளாகங்களில் ஒரு கேள்வி எழுவதுண்டு. பனி இறங்கும் மாலையில், திறந்த வெளியில், மூன்று வயதுக் குழந்தையையும் பதின்மூன்று வயதுப் பிள்ளையையும் ஒன்றாக மகிழ்விப்பது எப்படி? ஓட்டப்பந்தயம் வைத்தால் சிறியவர்கள் தோற்று அழுகிறார்கள். பொம்மலாட்டம் வைத்தால் பெரியவர்கள் மதிலருகே ஒதுங்கி நிற்கிறார்கள். இதற்கு ஜெர்மனியின் திருச்சபைகளும் பள்ளிகளும் ஒரு விடை வைத்திருக்கின்றன.

நவம்பர் 11, தூர் நகரப் பேராயரான மார்ட்டின் கி.பி. 397-இல் அடக்கம்பண்ணப்பட்ட நாள். ஐரோப்பிய உழவர்களுக்கு அதுவே குளிர்காலத்தின் வாசல். அறுவடை முடிந்து குத்தகை செலுத்தும் நாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய பழைய உபவாச காலமும் அதையொட்டியே தொடங்கியதால், விருந்தும் தீ மூட்டுதலும் அன்று வழக்கமாயின. ரைன் நதிக்கரைச் சிறுவர்கள் கால்நடைத் தீவனத்துக்கு விளைந்த பெரிய கிழங்குகளைக் குடைந்து, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றி, வீடுவீடாய்ப் பாடித் தின்பண்டம் கேட்டார்கள். குறும்புக்கும் கூச்சலுக்கும் குறைவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டியூசல்டோர்ஃப் முதலான ஊர்களில் பெரியவர்கள் அதை ஒழுங்கான பவனியாக்கினார்கள். தடைசெய்யாமல் ஒழுங்குபடுத்தியது அவர்களுடைய ஞானம் என்றே எண்ணுகிறேன்.

அந்தப் பவனியைச் சற்று கவனியுங்கள். மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் பருவம் அது. பல நாட்களுக்கு முன்பே பிள்ளைகள் காகிதத்தை வெட்டி ஒட்டித் தங்கள் விளக்கைத் தாங்களே செய்கிறார்கள். ஆகவே கூடுகை அந்த மாலைக்கு வெகுமுன்னரே தொடங்கிவிடுகிறது. முன்னே சிவப்பு மேலங்கி அணிந்து குதிரைமேல் ஒருவர் செல்ல, பின்னே கோலில் தொங்கும் விளக்கோடு பிள்ளைகள் பாடிக்கொண்டு நடக்கிறார்கள். தாளக் கருவிகளும் எக்காளங்களும் இசைக்க வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கைக்குழந்தை தகப்பனின் தோளிலிருந்து குதிரையைப் பார்க்கிறது. முடிவில் பெருந்தீ மூட்டி, மார்ட்டினின் கதையை நடித்துக் காட்டுகிறார்கள். பிறகு உலர்திராட்சையைக் கண்களாக வைத்த, மனித உருவில் சுட்ட ரொட்டி ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்கும். இங்கே வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. நடப்பதனால் குளிரும் அவ்வளவாய்த் தெரியாது!

சீர்திருத்தச் சபையினராகிய நமக்கு இது அந்நியமன்று. 1483 நவம்பர் 10-இல் பிறந்த லூதர் மறுநாள் ஞானஸ்நானம் பெற்றதாலேயே மார்ட்டின் என்னும் பெயரைப் பெற்றார். எர்ஃபுர்ட் நகரில் நவம்பர் 10 மாலையில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் ஒரே சதுக்கத்தில் விளக்குகளோடு கூடி இரு மார்ட்டின்களையும் நினைவுகூருகிறார்கள்.

நடித்துக் காட்டப்படும் கதையைப் பெரும்பாலும் நாம் அறிவோம். ஆமியேன் நகர வாசலில், கடுங்குளிரில், ஆடையற்ற ஏழை ஒருவனைக் கண்ட இளம் போர்வீரன் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தான். அப்போது அவன் ஞானஸ்நானம் பெற்றிருக்கவில்லை. அன்றிரவு கனவில் கிறிஸ்து அந்தப் பாதியை அணிந்திருக்கக் கண்டான். எஞ்சியதாகச் சொல்லப்பட்ட மேலங்கியைப் பிராங்கு அரசர்கள் பேணிவந்தார்கள். அது வைக்கப்பட்ட இடத்தின் பெயரிலிருந்தே 'சேப்பல்' என்னும் சொல் பிறந்தது.

நான்கு வயதுக் குழந்தைக்குத் துணி வெட்டப்படுவதே போதும். கண் விரியப் பார்க்கும். வளர்ந்த பிள்ளையோ, ஏன் பாதி மட்டும் என்று கேட்பான். மார்ட்டினை நேரில் அறிந்து அவர் வரலாற்றை எழுதிய சுல்பிசியுஸ் செவேருஸ் இதற்கு விடை தருகிறார்: மற்ற உடைகளையெல்லாம் அவர் முன்னமே கொடுத்துவிட்டிருந்தார், அந்த ஒரு மேலங்கியே மிஞ்சியிருந்தது. இன்னொன்றையும் அவர் எழுதுகிறார். அரைகுறை உடையில் நின்ற மார்ட்டினைப் பார்த்து அருகில் நின்ற சிலர் சிரித்தார்கள். வேறு சிலரோ, தங்களிடம் அதிகம் இருந்தும் கொடுக்காமற்போனோமே என்று பெருமூச்சுவிட்டார்கள்.

சிறுவர்களுக்காக நடிக்கும்போது இந்தச் சிரிப்பு பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. எனக்கு அது வருத்தமே. நண்பர்கள் சிரிப்பார்களோ என்ற பயம் மூன்று வயதில் இல்லை. பதின்மூன்று வயதில் அதைவிடப் பெரிய பயம் உண்டோ? வருகிற மாதம் நம் வளாகத்தில் இக்கதையை நடிக்கத் துணிந்தால், விளக்குகளைச் சிறியவர்கள் பிடிக்கட்டும். மதிலருகே ஒதுங்கி நிற்கும் நம் பெரிய பிள்ளைகளை அழைத்து, சிரித்தவர்களின் பாகத்தையும் பெருமூச்சுவிட்டவர்களின் பாகத்தையும் அவர்களிடம் கொடுங்கள்.