ஓட்ட ஷூவின் மெத்தை: சொகுசா, வேகமா?

1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றார். நேரம் 2 மணி 15 நிமிடம் 16 வினாடி. நான்கு ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி, அதிலும் மூன்று நிமிடம் குறைத்தார். ஷூ கட்சியும் வெறுங்கால் கட்சியும் ஆளுக்கொரு ஓட்டத்தைக் காட்டி வாதாடலாம்! ஆனால் அக்காலத்துப் பந்தய ஷூக்களில் மெத்தை என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை.

1970களில் அமெரிக்காவில் சாதாரண மக்களும் தார் ரோட்டில் ஓடத் தொடங்கினார்கள். முழங்கால் வலித்தது, மெத்தை தேவைப்பட்டது. ஈ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக் நுரை வந்தது இப்படித்தான். நுரைக்குள் இருக்கும் குட்டிக் குட்டிக் குமிழ்கள் அடியைத் தாங்கும். எடையும் குறைவு. ஆனால் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் குமிழ்கள் நசுங்கிவிடும். வெளியே புதிதாகத் தெரியும் ஷூ உள்ளே கட்டை தட்டிப் போயிருக்கும்.

இதற்கு மாற்றாக, விண்வெளித் துறையில் வேலை பார்த்த பிராங்க் ரூடி என்ற பொறியாளர் வாயு அடைத்த பையை யோசித்தார். அதை வைத்து நைக்கி 1970களின் இறுதியில் 'டெயில்விண்ட்' ஷூவைக் கொண்டுவந்தது. 1986ல் ஏசிக்ஸ் ஜெல்லை வைத்தது. 1987ல் நைக்கி குதிகாலில் ஜன்னல் வைத்து வாயுப் பையை வெளியே காட்டியது. (ஜன்னலால் வேகம் கூடவில்லை, விற்பனை கூடியது.)

இத்தனை வந்தும் வேக ஓட்டக்காரர்கள் பந்தய நாளில் மெத்தை ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு மெல்லிய ஷூவைத்தான் மாட்டினார்கள். காரணம் எடை. ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் உடல் செலவழிக்கும் ஆற்றல் சுமார் 1 சதவீதம் கூடும். சொகுசு வேண்டுமானால் வேகத்தை விட வேண்டும் என்பதே நெடுநாள் கணக்கு.

அந்தக் கணக்கை உடைத்தவை புதிய நுரைகள். 2013ல் அடிடாஸின் 'பூஸ்ட்', 2017ல் நைக்கியின் 'வேப்பர்ஃபிளை'. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஈ.வி.ஏ. ஷூ, பூஸ்ட் ஷூ, வேப்பர்ஃபிளையின் முன்மாதிரி மூன்றையும் இயந்திரத்தில் அழுத்திப் பார்த்தார்கள். வாங்கிய ஆற்றலில் அவை திருப்பித் தந்தது முறையே 66, 76, 87 சதவீதம். மூன்றாவது ஷூ மற்றவற்றைப் போல ஏறத்தாழ இரு மடங்கு அமுங்கியது. மிக மெதுவானதே மிக அதிகமாகத் துள்ளியது! எடையைச் சமமாக்கி 18 பேரை ஓடவிட்டபோதும் அதில் சராசரியாக 4 சதவீத ஆற்றல் மிச்சமானது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது நைக்கிதான் என்பதால் சந்தேகம் எழுந்தது நியாயமே. ஆனால் வேறு ஆய்வகங்களிலும் ஏறக்குறைய இதே முடிவு வந்தது. பெரிதாகப் பேசப்பட்ட கார்பன் தகட்டை வெட்டிவிட்டுச் சோதித்தபோது வித்தியாசம் சொற்பம். வேலை பெரும்பாலும் நுரையுடையது.

2019ல் சிகாகோவில் கென்யாவின் பிரிஜிட் கோஸ்கெய் இந்த வகை ஷூவில் 2:14:04ல் ஓடினார். பவுலா ராட்கிளிஃப் 2003ல் மெல்லிய அடிப்பாக ஷூவில் வைத்த சாதனை 81 வினாடி வித்தியாசத்தில் போயிற்று. அந்த 81 வினாடியில் காலின் பங்கு எவ்வளவு, நுரையின் பங்கு எவ்வளவு? பிரித்துச் சொல்ல வழியில்லை. இருவருக்குமே இது அநியாயம்தான்.

2020 ஜனவரியில் உலக தடகள அமைப்பு, சாலைப் பந்தய ஷூவின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது, தகடு ஒன்றுதான் என்று விதி போட்டது. காலையில் பூங்காவைச் சுற்றி ஓடுகிறவர்களுக்கு அந்த விதி கிடையாது. அவர்களுக்காக 40ஐத் தாண்டிய ஷூக்களும் கடைகளுக்கு வந்துவிட்டன.