டெட்ராய்ட் கலை அருங்காட்சியகமும் மாறிவந்த நன்கொடை முறைகளும்

டெட்ராய்ட் கலை அருங்காட்சியகம் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரில் அமைந்துள்ள ஒரு கலைக்கூடமாகும். 1885ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இதில் 60,000க்கும் மேற்பட்ட கலைப்பொருள்கள் உள்ளன. செல்வந்தர் நன்கொடை, நகராட்சி நிதி, மாநில அரசின் மானியம், மக்கள் வாக்களித்து ஏற்ற சொத்துவரி, அறக்கட்டளைகளின் கூட்டுநிதி எனப் பலவகை வருவாயை இது காலந்தோறும் நம்பி வாழ்ந்திருக்கிறது. 2013இல் டெட்ராய்ட் நகராட்சி திவாலானபோது இதன் ஓவியங்கள் ஏலத்திற்குப் போகும் நிலை ஏற்பட்டது. அருங்காட்சியகங்கள் நிதி திரட்டும் முறைகள் எவ்வாறு மாறின, ஏன் மாற வேண்டியிருந்தது என்பதை அறிய இதன் வரலாறு தக்க சான்றாகும்.

தோற்றம்: செல்வந்தர்களின் கொடை

1883இல் டெட்ராய்ட்டில் ஒரு பெரிய கலைக் கண்காட்சி நடைபெற்றது. பலரிடமிருந்தும் இரவலாகப் பெற்ற ஓவியங்களும் சிற்பங்களும் அதில் வைக்கப்பட்டன. கண்காட்சிக்குக் கிடைத்த வரவேற்பு, நகருக்கு நிலையான கலைக்கூடம் ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தை வளர்த்தது. தாமஸ் பால்மர் 10,000 டாலரும், செய்தித்தாள் அதிபர் ஜேம்ஸ் ஸ்கிரிப்ஸ் 50,000 டாலரும் வழங்கினர். 1885இல் 'டெட்ராய்ட் கலை அருங்காட்சியகம்' ஒரு தனியார் அமைப்பாகப் பதிவு செய்யப்பட்டது. ஸ்கிரிப்ஸ் 1889இல் தாம் திரட்டிய பழைய ஐரோப்பிய ஓவியங்களையும் அதற்கு அளித்தார்.

இவ்வகைக் கொடையில் ஒரு நன்மையும் ஒரு குறையும் உண்டு. ஒருவர் மனம் வைத்தால் ஒரே நாளில் பெருந்தொகை கிடைத்துவிடும். ஆனால் விளக்கெரிக்கவும், காவலருக்குச் சம்பளம் தரவும், கூரையைப் பழுதுபார்க்கவும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். ஓவியம் வாங்கித் தர முன்வருவோர் பலர். கூரைக்குப் பணம் தருவோர் சிலரே.

நகராட்சியின் உடைமையாதல்

நாளடைவில் நகராட்சி பொதுப்பணத்திலிருந்து உதவி வந்தது. தனியார் அமைப்பு ஒன்றுக்கு நகராட்சி நிதி வழங்குவது சட்டப்படி செல்லாது என்று 1915இல் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் நகராட்சிப் பணம் தொடர்ந்து கிடைக்க வேண்டுமானால், கலைக்கூடமே நகராட்சியின் உடைமையாக வேண்டும் என்ற நிலை உருவாயிற்று. 1919இல் கட்டடமும் கலைப்பொருள்களும் நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டன. பழைய தனியார் அமைப்பு, நன்கொடை திரட்டித் தரும் புரவலர் சங்கமாகத் தொடர்ந்தது.

அந்நாளில் டெட்ராய்ட் மோட்டார் வாகனத் தொழிலால் விரைந்து வளர்ந்துகொண்டிருந்தது. 1922இல் வின்சென்ட் வான் கோ தீட்டிய தன்னுருவ ஓவியம் ஒன்றை நகராட்சிப் பணத்தில் வாங்கினர். அமெரிக்கப் பொது அருங்காட்சியகம் ஒன்றில் இடம்பெற்ற முதல் வான் கோ ஓவியம் அதுவே. 1927இல் இன்றைய பெரிய கட்டடம் திறக்கப்பட்டது. 1930இல் பீட்டர் புரூகலின் 'திருமண நடனம்' வாங்கப்பட்டது.

பின்னர் பெருமந்தம் வந்தது. நகராட்சி தன் நிதியைக் கடுமையாகக் குறைத்தது. ஹென்றி ஃபோர்டின் மகன் எட்செல் ஃபோர்டு சில பணியாளர்களின் சம்பளத்தைத் தம் சொந்தப் பணத்திலிருந்தே கொடுத்தார். 1932-33இல் மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேரா அங்கே தீட்டிய 27 சுவரோவியங்களுக்கும் 20,000 டாலருக்கு மேல் வழங்கியவர் அவரே. தொழிற்சாலையில் உழைக்கும் தொழிலாளர்களே அச்சுவரோவியங்களின் நாயகர்கள்.

வருவாய் வற்றிய காலம்

1950இல் ஏறத்தாழ 18.5 லட்சமாக இருந்த டெட்ராய்ட்டின் மக்கள்தொகை, 2013இல் 7 லட்சம் அளவுக்குச் சுருங்கியது. தொழிற்சாலைகள் மூடப்பட்டன; மக்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர்; வரி வருவாய் வீழ்ந்தது. இடைக்காலத்தில் கைகொடுத்த மாநில அரசும் 1990களின் தொடக்கத்தில் தன் மானியத்தை வெட்டியது. 1990களின் பிற்பகுதியில் அன்றாட நிர்வாகம் மீண்டும் இலாபநோக்கற்ற சங்கத்தின் கைக்கு வந்தது. உடைமை மட்டும் நகராட்சியிடமே இருந்தது.

சங்கம் ஆண்டுதோறும் நன்கொடை திரட்டியே செலவைச் சமாளித்தது. திரட்டியதெல்லாம் அந்தந்த ஆண்டிலேயே செலவானதால், வட்டி தரும் வைப்புநிதியைப் போதுமான அளவுக்குச் சேர்க்க இயலவில்லை. இதற்குத் தீர்வாக 2012 ஆகஸ்டில் ஒரு புதிய வழி மேற்கொள்ளப்பட்டது. வெய்ன், ஓக்லாந்து, மெக்கோம்ப் ஆகிய மூன்று கவுண்டிகளின் வாக்காளர்கள், பத்தாண்டுகளுக்கு ஒரு சிறு சொத்துவரியை ஏற்க வாக்களித்தனர். 1,50,000 டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு இவ்வரி ஆண்டுக்கு ஏறத்தாழ 15 டாலர். இதனால் ஆண்டுதோறும் சுமார் 2.3 கோடி டாலர் கிடைக்கும் என மதிப்பிடப்பட்டது. கைம்மாறாக அம்மூன்று கவுண்டி மக்களுக்கும் நுழைவுக்கட்டணம் நீக்கப்பட்டது. சில செல்வந்தரின் பெருங்கொடைக்குப் பதிலாக இலட்சக்கணக்கானோரின் சிறுபங்கு அடித்தளமாயிற்று.

ஓவியமா, ஓய்வூதியமா?

2013 ஜூலை 18 அன்று டெட்ராய்ட் நகராட்சி திவால் மனு தாக்கல் செய்தது. கடன் ஏறத்தாழ 1,800 கோடி டாலர். அமெரிக்க நகராட்சிகளின் வரலாற்றில் அதுவரை அதுவே மிகப் பெரிய திவால். கடன் கொடுத்தோரின் பார்வை கலைக்கூடத்தின் மீது திரும்பியது. 1919இல் பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட உடைமை மாற்றமே இப்போது ஆபத்தாக வந்து நின்றது. ஓவியங்கள் நகராட்சியின் சொத்து அல்லவா?

நகராட்சிப் பணத்தில் வாங்கப்பட்ட ஏறத்தாழ 2,800 கலைப்பொருள்களை ஏல நிறுவனமான கிறிஸ்டீஸ் மதிப்பிட்டது. மொத்த மதிப்பு 45.4 கோடி முதல் 86.7 கோடி டாலர் வரை எனக் கணக்கிட்டது. புரூகலின் 'திருமண நடனம்' மட்டும் 10 கோடி முதல் 20 கோடி டாலர் பெறும் என்றது. கலைப்பொருள்கள் மக்களுக்கான அறச்சொத்து, அவற்றைக் கடனுக்காக விற்க முடியாது என மிச்சிகன் தலைமை வழக்கறிஞர் கருத்துரைத்தார்.

மறுபுறம், ஆயிரக்கணக்கான ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியர்கள் தங்கள் ஓய்வூதியம் வெட்டப்படுமோ என்று அஞ்சினர். வாழ்நாள் முழுதும் உழைத்தவரின் மாதவருமானம் பெரிதா, சுவரில் தொங்கும் படம் பெரிதா என்ற கேள்வி எழுந்தது. இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இருபக்கமும் நியாயம் இருந்தது.

மாபெரும் உடன்பாடு

நீதிபதி ஜெரால்டு ரோசன் நடுவராக இருந்து ஒரு வழி கண்டார். ஃபோர்டு, கிரெஸ்கி, நைட் முதலிய அறக்கட்டளைகள் சேர்ந்து 36.6 கோடி டாலர் தர முன்வந்தன. மாநில அரசு 35 கோடி டாலருக்கு ஈடான உதவியை ஏற்றது. அருங்காட்சியகம் தன் புரவலர்களிடமிருந்து 10 கோடி டாலர் திரட்ட ஒப்புக்கொண்டது, அதில் 2.6 கோடி டாலரை ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிறைஸ்லர் ஆகிய மூன்று வாகன நிறுவனங்கள் அறிவித்தன. ஆக மொத்தம் 81.6 கோடி டாலர்.

இப்பணம் ஓவியம் வாங்கவோ கட்டடம் கட்டவோ அன்று. ஓய்வூதிய நிதிக்கே சென்றது. அதற்கு ஈடாக, கலைக்கூடத்தின் உடைமை முழுவதும் இலாபநோக்கற்ற சங்கத்துக்கு மாற்றப்பட்டது. ஓய்வூதியர்களும் வாக்களித்து ஏற்றனர். எனினும் இழப்பின்றி முடியவில்லை. பொது ஊழியர்களின் ஓய்வூதியம் 4.5 விழுக்காடு குறைக்கப்பட்டது. விலைவாசிக்கேற்ற உயர்வும் நிறுத்தப்பட்டது. 2014 நவம்பர் 7 அன்று நீதிமன்றம் இத்திட்டத்தை ஏற்றது. ஓர் ஓவியமும் விற்கப்படவில்லை.

பிற நாடுகளில் மாற்றங்கள்

இதே காலத்தில் வேறு வழிகளும் தோன்றின. 2010இல் பாரிஸ் லூவர் அருங்காட்சியகம், கிரானாக் தீட்டிய 'மூன்று அழகு தேவியர்' ஓவியத்தை வாங்குவதற்காகப் பொதுமக்களிடம் இணையவழி வேண்டுகோள் விடுத்தது. ஏறத்தாழ 7,000 பேர் சேர்ந்து 10 லட்சம் யூரோவுக்கு மேல் அளித்தனர். 2015இல் ஸ்மித்சோனியன் நிறுவனம், நீல் ஆம்ஸ்ட்ராங் அணிந்த விண்வெளி உடையைப் பாதுகாக்க இணையக் கூட்டுநிதி மூலம் 7 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது.

பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் வலுத்தது. போதைப் பழக்கத்தை உண்டாக்கும் வலிநிவாரணி மருந்தால் செல்வம் சேர்த்த சாக்லர் குடும்பத்தினரின் கொடையை இனி ஏற்பதில்லை என 2019இல் லண்டன் டேட் கலைக்கூடமும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் அறிவித்தன.

மதிப்பீடு

டெட்ராய்ட் வரலாற்றிலிருந்து மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, ஒரே ஊற்றை நம்பிய கலைக்கூடம் அது வற்றும்போது தானும் வாடும். இரண்டாவது, பணம் திரட்டுவது போலவே உடைமை எவர் பெயரில் உள்ளது என்பதும் முக்கியமாகும். மூன்றாவது, நன்கொடை அளிப்போர் இன்று கட்டடத்தில் தம் பெயர் பொறிப்பதை மட்டும் எண்ணுவதில்லை. தம் பணம் மக்களின் வாழ்வில் என்ன மாற்றம் தருகிறது என்றும் கேட்கின்றனர்.

2020 மார்ச்சில் மூன்று கவுண்டி மக்களும் சொத்துவரியை மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்க வாக்களித்தனர். வரி முடிவதற்குள் வைப்புநிதியைப் பெருக்கி, அதன் வருவாயிலேயே இயங்க வேண்டும் என்பது அருங்காட்சியகத்தின் நோக்கமாகும். ரிவேராவின் சுவரோவியத் தொழிலாளர்களை அம்மூன்று கவுண்டிகளின் மக்கள் இன்றும் கட்டணமின்றிப் பார்த்து வருகின்றனர்.